பூட்டைப் பொறுக்காதவர்

மூடிய அலுமாரியைக் கண்டால் அவர் திறந்துவிடுவார். எல்லா அலுமாரிகளையும் அல்ல; உணவுப் பண்டம் உள்ள அலுமாரியை மட்டும். எங்கள் இல்லத்துக்கு அவர் முதன்முறை வந்த மாலையில், தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் பின்னால் அரவமின்றிச் சென்று, சமையலறைச் சுவரில் வரிசையாக அமைந்த சிறு கதவுகளை ஒவ்வொன்றாக விரற்கடை அளவு திறந்து வைத்தார். அதன் பின்னரே வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

“என்ன தம்பி தேடுறியள்? சீனியோ?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லை அக்கா, குறை நினையாதேங்கோ. சாப்பாட்டுச் சாமான் மூடிக் கிடந்தால் எனக்கு மூச்சு முட்டும்.”

“கரப்பான் வந்தால்?”

“அதுக்கும் பசிக்கும்தானே அக்கா.”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அவர் பார்வை அந்தத் திறந்த இடுக்குகளிலேயே இருந்தது.

அவர் எங்கள் அயல்வீட்டுப் பெண்ணின் தமையனார். கனடாவில், ரூஜ் என்னும் பகுதியில் எங்கள் இரு வீடுகளும் ஒரே கூரையின் கீழ், நடுவே ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்பவை. அச்சுவரினூடே அடுத்த வீட்டு இருமல் கேட்கும், சண்டை கேட்கும், பிற்காலத்தில் நாங்கள் கேட்க விரும்பாதவையும் கேட்டன. அவர் அப்போது பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பெருங்கடை ஒன்றின் பண்டகசாலையில் வேலை செய்துவந்தார். ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்கு வருவார். நெடிய உருவம். தாழ்ந்த வாயிலொன்றுள் எந்நேரமும் நுழைந்துகொண்டிருப்பவர் போலத் தோள்கள் சற்றே வளைந்திருக்கும். மணம் செய்துகொள்ளவில்லை. என்னை ‘மாஸ்டர்’ என்றே விளிப்பார். இந்நாட்டில் நான் ஒருநாளும் கற்பித்ததில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவ்விளியை மாற்றிக்கொள்ள மாட்டார்.

பண்டகசாலை வேலை அவருக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. நாட்பட்டவை எனக் கழிக்கப்பட்ட பாணும் பாலும் பழங்களும் நாள்தோறும் பின்புறத்தில் இருந்த பெரிய இரும்புத் தொட்டியில் கொட்டப்படும். தொட்டிக்குப் பூட்டு உண்டு. அதைப் பூட்டும் பணி அவருடையது. அங்கே மேற்பார்வை செய்தவரும் நம்மவர்தாம், இளைஞர். அவரோடு நடந்த உரையாடலை இவர் எனக்கு நடித்துக் காட்டினார்.

“தம்பி, குப்பைக்கு ஏன் பூட்டு?”

“அண்ணை, ஆரும் எடுத்துச் சாப்பிட்டு நோய் வருத்தம் வந்தால் கொம்பனிமேலை கேஸ் போடுவாங்கள்.”

“அப்ப பூட்டிறது வருத்தம் வராமலிருக்கவோ, சாப்பிடாமலிருக்கவோ?”

“ரெண்டும் ஒண்டுதான் அண்ணை. விசர்க் கதை கதையாமல் பூட்டிப்போட்டு வாங்கோ.”

அவர் பூட்டவில்லை. பூட்டைக் கழற்றி வேலிக்கு அப்பால் பனிக்குவியலில் எறிந்தார். மறுநாளும் அதையே செய்தார். வேலை போயிற்று. தங்கையின் நிலவறைக்குக் குடிவந்தார். அவ்வீட்டில் அவருக்கு என்ன காத்திருந்தது என்பதைக் கூறுமுன், வன்னியில் நிகழ்ந்ததைக் கூறிவிட வேண்டும். அதை அவர் ஒருபோதும் மறைத்தவரல்லர். எனக்கு அதைச் சொன்ன இடம் ஒரு பேருந்துத் தரிப்பு, நேரம் முற்பகல். காலநிலையைப் பற்றிப் பேசும் குரலிலேயே சொன்னார்.

கூட்டுறவுச் சங்கத்தின் பங்கீட்டுக் கடையை எம்மவர் சங்கக்கடை என்பர். அவர் ஒரு சங்கக்கடையின் மனேச்சர். போரின் கடைசி மாதங்களில், முற்றுகை இறுகி, எந்தப் பாதையாலும் உணவு வராதிருந்த நாள்களில், அக்கடையின் களஞ்சியத் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி, அவர் மடியில் இருந்தது.

“உள்ளுக்கை அரிசி, மா, பருப்பு. வெளியிலை சனம். மேலிடத்து உத்தரவு வராமல் திறக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டாங்கள் மாஸ்டர். நான் திறக்கேல்லை. உத்தரவு வருகுது, வருகுதெண்டு சனத்துக்குச் சொன்னன். காலமையும் சொன்னன், பின்னேரமும் சொன்னன்.”

“வந்ததோ?”

“ஷெல் வந்தது. பூட்டினபடியே எரிஞ்சது. அரிசி எரியிற மணம் முதல் நல்ல மணம் மாஸ்டர். சோறு வடிக்கிற மாதிரி. சனம் அந்த மணத்துக்கு எழும்பி வந்தது.”

தொலைவில் பேருந்து திரும்புவது தெரிந்தது. அவர் கையுறைகளை நிதானமாக மாட்டிக்கொண்டார்.

“ஒருத்தரும் என்னை ஏசேல்லை. கரியைக் கிண்டி, உள்ளுக்கை வேகாமல் கிடந்த அரிசியைப் பொறுக்கிக் கழுவி அவிச்சதுகள். எனக்கும் ஒரு சிரட்டையிலை கொண்டந்து தந்ததுகள். நானும் திண்டனான்.”

பேருந்து வந்து நின்றது. அவர் ஏறி, கட்டணம் செலுத்தி, எனக்குச் சாளர ஓர இருக்கையை விட்டுக்கொடுத்தார். அதன்பின் இறங்கும்வரை கத்தரிக்காய் விலையைப் பற்றித்தான் பேசினார்.

உலகில் எங்கே பஞ்சம் என்றாலும் அவருக்குச் செய்தி தெரிந்திருக்கும். தொலைக்காட்சியின் முன் குந்தியிருந்து, வறண்ட நிலங்களையும் என்பு தெரியும் மாடுகளையும் அசட்டையாகப் பார்ப்பார். எல்லையொன்றில் மாவேற்றிய பாரவுந்துகள் நீண்ட வரிசையாக நிற்பதைக் காட்டும்போது மட்டும் எழுந்து திரையருகே செல்வார். வரிசையின் தலைப்பில் வழியை அடைத்து நிற்கும் படலையை விரலால் தொட்டுக் காட்டுவார். “இதிலை நிக்கிறவன் மடியைப் பாருங்கோ. திறப்பு இருக்கும்.”

நான் கற்ற அளவில் மறுத்துரைப்பதுண்டு. மழை பொய்க்கிறது, ஆறு பெருக்கெடுக்கிறது, பயிரைப் பூச்சி தின்கிறது, விதையின் விலை ஏறுகிறது; பசிக்குக் காரணம் ஒன்றன்று, பல என்பேன். அவர் பொறுமையாகக் கேட்பார்.

“சரி மாஸ்டர். மழை பெய்யாட்டி விளையாதுதான். ஆனால் விளையாத ஊரெல்லாத்திலையும் சனம் சாகுறேல்லை. இந்தக் கனடாவிலை மாரியிலை என்ன விளையுது? நீங்களும் நானும் செத்தோ போனம்? ரோட்டு வந்தால் சோறு வரும். ரோட்டை மறிச்சால்தான் சாவு வரும். வயல் காயுறதுக்கு வானம் காரணம். சனம் காயுறதுக்கு வானம் காரணமில்லை.”

பசி மனிதரை என்ன செய்யும் என்பதைப் பற்றியும் அவருக்கு ஒரு கணிப்பு இருந்தது. எங்கள் பகுதியில் தேவாலயமொன்றின் பின்வாயிலில், கிழமைக்கொரு நாள் இலவசமாக உணவுப் பண்டம் வழங்குவார்கள். முன்னாளில் அங்கே முதியவர் சிலரே வருவர். அந்நாள்களில் வரிசை வீதியைத் திரும்பி நீண்டது. வாடகை கட்டியபின் கையில் ஏதும் எஞ்சாத குடும்பத்தினர், புத்தகப்பை சுமந்த மாணவர். நூலகத்துக்குப் போகும் வழியில் நாங்கள் அவ்வரிசையைக் கடந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர் எங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் விடவில்லை.

“தம்பி, சாப்பிட்டாச்சோ?”

“சாப்பிட்டேண்ணா. ஃபிரெண்டுக்குத் துணையா வந்தேன். நமக்கெல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்லண்ணா.”

“ஃபிரெண்ட் எங்கை?”

மாணவர் புத்தகப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இரு பெண்கள் இடம்பிடித்தது பற்றி உரத்துச் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. இவருக்கோ முகம் மலர்ந்தது.

“கேளுங்கோ மாஸ்டர், எப்பிடிச் சண்டை பிடிக்கினம்! நல்லது. சண்டை பிடிக்கிற கியூவிலை உயிர் இருக்கு. முதல் சிரிப்புப் போகும். பிறகு சண்டை போகும். பிறகு ஒரு சத்தமும் இராது. அந்தக் கியூவுக்குத்தான் பயப்பிடவேணும்.”

இத்தகைய மனிதர் குடிவந்த தங்கையின் வீட்டில், சமையலறைக்குக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

தங்கைக்கு ஒரே மகள். அவர் வந்தபோது பள்ளியில் கீழ் வகுப்பொன்றில் படித்துக்கொண்டிருந்தாள். வட்டமுகம், மெல்லிய குரல், எவரையும் உடனே கட்டிக்கொள்ளும் இயல்பு. அவளுக்கு இருந்த நோயைத் தாய் என் மனைவிக்கு ஒருமுறை இவ்வாறு விளக்கினாள்: “அன்ரி, எங்களுக்கு வயிறு நிரம்பினால் மூளைக்குத் தெரியும். இவளுக்கு அந்தச் செய்தி போறேல்லை. சாப்பிட்டுக் கை கழுவேக்கையும் பட்டினி கிடந்த மாதிரித்தான் இருக்கும். பிறக்கேக்கையே வந்த வருத்தம். மருந்தில்லை. பூட்டுத்தான் மருந்து.”

பூட்டாவிடின் என்ன நேரும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பிறந்தநாள் விழாவொன்றில் எல்லாரும் படமெடுத்துக்கொண்டிருந்த வேளையில், அச்சிறுமி மண்டபத்தின் பின்கட்டுக்குச் சென்று, அகப்பட்டதையெல்லாம், உறைந்திருந்த பச்சை மீன் உட்பட, உண்டிருந்தாள். வயிறு கிழியும் தறுவாயில் மருத்துவமனையில் காப்பாற்றினார்கள். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் பிள்ளை பிழைக்கமாட்டாள் என்று மருத்துவர் கூறிவிட்டார். அன்றிலிருந்து சமையலறைக்குத் தனிக்கதவு, கதவுக்குப் பூட்டு. திறப்பைத் தாய் தன் தாலிக்கொடியோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் அது பொன்னோடு உரசி ஒலிக்கும். அவ்வொலி கேட்டதும் சிறுமி எங்கிருந்தாலும் தலையை நிமிர்த்துவாள்.

அவர் இதைப் பொறுத்துக்கொள்ள முயன்றார் என்பதை நான் அறிவேன். முடியவில்லை. அண்ணனும் தங்கையும் வாதிடுவது சுவரினூடே எங்களுக்குக் கேட்டது.

“உன்ரை பிள்ளை பசியெண்டு அழுகுது. நீ கழுத்திலை திறப்பைக் கொழுவிக்கொண்டு நிக்கிறாய்.”

“அண்ணா, திறந்தால் அவள் செத்துப்போவாள்.”

“திறக்காட்டிலும் சனம் சாகும். நான் கண்டனான்.”

“அது வேறை, இது வேறை!”

“அழுற சத்தம் ஒண்டுதான்.”

தங்கை என்னிடம் வந்து முறையிட்டாள். பராமரிப்பு இல்லமொன்றில் முதியோரைப் பேணும் பணி அவளுடையது. கணவர் பாரவுந்து ஓட்டி மாகாணம் விட்டு மாகாணம் செல்பவர். வீட்டில் ஒரு பெரியவர் இருப்பது அவளுக்கு உதவிதான். ஆயினும் ஒவ்வொரு நாளும் பணியிலிருந்து திரும்புகையில் கதவைத் திறக்க அஞ்சுகிறேன் என்றாள். “அங்கிள், நீங்கள் சொன்னால் அண்ணா கேப்பார். ஒருக்கால் கதையுங்கோ. பூட்டிலை கை வைச்சால் அவர் இந்த வீட்டிலை இருக்கேலாது. எனக்கு அண்ணா வேணும். ஆனால் பிள்ளை வேணும்.”

நான் அவரோடு பேசினேன். உணவின்மையால் வரும் பசி ஒன்று, உடற்பிழையால் வரும் பசி வேறொன்று. முன்னதற்கு உணவு மருந்து, பின்னதற்கு உணவே நஞ்சு என்று இயன்றவரை தெளிவாக எடுத்துரைத்தேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்கள் சொல்லுறது புத்திக்கு விளங்குது மாஸ்டர். டொக்டர் படிச்சவர். எனக்கு உத்தரவு தந்தவையும் படிச்சவைதான். அவையும் காரணம் சொன்னவை. ‘இண்டைக்குக் குடுத்தால் நாளைக்கு இராது.’ நல்ல காரணம். பிழை சொல்ல ஏலுமோ?”



“பயப்பிடாதேங்கோ,” என்று அவரே தொடர்ந்தார். “தொடமாட்டன். தங்கச்சிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்.”

அந்த மாரியில் ஒருநாள் விடியற்காலை தொடங்கிய பனிப்புயல் ஓயவில்லை. பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளி இல்லாத நாள்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணால் வரமுடியவில்லை. கணவர் எங்கோ நெடுஞ்சாலையில். பராமரிப்பு இல்லத்து முதியோரை விட்டுத் தங்கையால் விடுப்பெடுக்கவும் இயலவில்லை. பிள்ளைக்குரிய மதிய உணவு, அளந்து பெட்டியில் இடப்பட்டு, பூட்டிய சமையலறைக்குள் இருந்தது. அதை நேரம் தவறாது எடுத்துக்கொடுக்க வேண்டும். நேரம் தவறினால் பிள்ளை வெறிகொள்வாள். வேறு வழியின்றி, தாலிக்கொடியிலிருந்து திறப்பைக் கழற்றித் தமையன் கையில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது எங்கள் மணியையும் அழுத்தி, “அங்கிள், காது குடுத்துக்கொண்டிருங்கோ,” என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

காது கொடுத்திருந்தோம். முற்பகல் முழுதும் சிறுமி அழுதாள். முதலில் கெஞ்சினாள், பிறகு கதவை உதைத்தாள். “மாமா, உங்களிட்டைத்தானே கீ இருக்கு! ஐ ஸோ இட்! ப்ளீஸ் மாமா!” அவருடைய குரல் ஒருமுறையும் கேட்கவில்லை. மதிய உணவின்போது சற்று அமைதி. அதன்பின் நீர் பாயும் ஓசை கேட்டது. சிறுமிக்குக் குளியல் தொட்டியில் விளையாடுவதென்றால் பெருவிருப்பம்.

சிறிது நேரத்தில் எங்கள் கதவில் தட்டல். அவர் நின்றார். தலையிலும் தோளிலும் பனி. கையில் சிவப்பரிசி மூட்டை.

“மாஸ்டர், வைக்க இடமிருக்கோ?”

மூட்டையை எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி ஓடினார். மீண்டும் வந்தார். மா, பருப்பு, சீனி, மிளகாய்த்தூள், உறைந்த மீன், வாழைப்பழம், புளி, உப்பு. இருமல் மருந்தைக்கூட விடவில்லை.

“என்ன தம்பி, வீடு மாறுறியளோ?” என்றாள் மனைவி.

“குசினி மட்டும்தான் மாறுது அக்கா.”

சமையலறை இடம் மாறுவதாக வேடிக்கைக்குச் சொன்னார் என்றே எண்ணினோம். அவர் முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. இறுதியாகக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த வெண்ணெய்த் துண்டையும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். பின்னர் சுவருக்கு அப்பால் திருகாணிகள் கழலும் ஓசை கேட்டது. பூட்டை மட்டுமன்று, கதவையே கழற்றிக்கொண்டிருந்தார்.

குளித்து வந்த சிறுமி சமையலறைக்குள் நுழைந்ததை நாங்கள் சுவரினூடே அறிந்தோம். ஓர் அலுமாரிக் கதவு திறக்கும் ஓசை. அடுத்தது. அதற்கடுத்தது. குளிர்பதனப் பெட்டி. மீண்டும் முதல் அலுமாரி. விரைவில்லாமல், ஒன்றும் தவறவிடாமல் திறந்துகொண்டே போனாள். பிறகு ஓசை நின்றது. அழுகை இல்லை; பேச்சில்லை. உண்ண அங்கே ஒன்றும் இல்லை என்பதால் நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

மாலையில் தங்கையின் அலறல் கேட்டது. ஓடினோம். கதவற்ற வாயிலுக்கு அப்பால், திறந்து கிடக்கும் அலுமாரிகளில் ஒரு பருக்கைகூட இல்லை. தரையில் மகள் படுத்துறங்குகிறாள். அருகில் தமையன் அமர்ந்திருக்கிறார். அவ்வீட்டுத் தாய்க்கு அக்காட்சியின் பொருள் ஒன்றே. மகளை மடியில் இழுத்து, வாய்க்குள் விரலிட்டு, வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு குடுத்தனீங்கள்? வாயைத் திறவுங்கோ அண்ணா, எவ்வளவு?”

“அவள் தொடேல்லை.”

“பொய்! ஒரு வீட்டுச் சாமான் எங்கை போனது?” தமையனின் மார்பில் ஓங்கிக் குத்தினாள். அவர் தடுக்கவில்லை.

“எல்லாம் எங்கடை வீட்டிலை இருக்கு அம்மா,” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை சொன்னேன். இதற்குள் விழித்துவிட்ட மகள் தாயின் கையை விலக்கிக்கொண்டு, மிக அமைதியாகச் சொன்னாள்: “அம்மா, இஞ்சை சாப்பாடே இல்லை. நான் பாத்திட்டன். இட்ஸ் ஓகே.”

பிறந்த நாள் தொட்டு அவள் அத்தனை அமைதியாக இருந்ததைத் தாய் கண்டதில்லை.

கதவை மீண்டும் பொருத்தவில்லை. உணவு எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. தங்கை எங்கள் அடுப்பில் சமைப்பாள். வேளைக்கு வேளை அளந்த பெட்டியை அவர் வந்து எடுத்துச் செல்வார். இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் நீங்கியதும் சிறுமியின் அழுகை குறைந்தது. உடல் இளைத்தது. மருத்துவரே வியந்தார் என்றாள் தங்கை. பூட்டில்லாத வீட்டில் அவர் நிறைவோடு இருப்பார் என்று நான் நம்பினேன்.

அவர் நிறைவோடு இருக்கவில்லை. பிள்ளையின் பெட்டி அளவே தமக்கும் போதும் என்று வைத்துக்கொண்டார். சிறுமிக்கு ஏற்ற அளவு. அந்த நெடிய உடலுக்கு எம்மாத்திரம்? மனைவி கடிந்துகொண்டால், “அவளுக்கு முன்னாலை நான் வேறை சாப்பிடுறதோ அக்கா?” என்பார். இங்கேயே இருந்து உண்ணும்படி வற்புறுத்தினால், தட்டைப் பார்த்துவிட்டு நடுச்சுவரைப் பார்ப்பார்; எழுந்து போய்விடுவார். தொலைக்காட்சி பார்ப்பதை நிறுத்தினார். என்னோடு வாதிடுவதை நிறுத்தினார். அந்த வெற்றுச் சமையலறையில், திறந்த அலுமாரிகளின் முன், மருமகளும் அவரும் எதிரெதிரே அமர்ந்திருப்பதைப் பலமுறை கண்டேன். இருவரும் எதற்கோ காத்திருப்பவர்கள் போல இருந்தார்கள்.

உணவு எங்கே போயிற்று என்பதைச் சிறுமி கண்டுபிடிக்க நாளாகவில்லை. எங்கள் வீட்டில் மா அரைக்கும் ஓசை எழுந்தால் சுவரின் மறுபுறத்தில் மெல்லத் தட்டுவாள். மனைவி ஓசையெழாமல் சமைக்கப் பழகினாள். வாசம் போகாதிருக்கச் சாளரங்களை அடைத்தோம். பின்கதவுக்குப் புதிய பூட்டு வாங்கினோம், வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள். பகல்வேளையில் கதவைப் பூட்டும் வழக்கம் அதற்குமுன் எங்களுக்கு இருந்ததில்லை. திறப்பைப் பத்திரமாக வைக்க இடம் தேடியபோது மனைவி சொன்னாள்: “நீங்களே மடியிலை வைச்சிருங்கோ.”

அடுத்த கோடையில் அவர்கள் ஒஷாவா நகருக்குப் பெயர்ந்தார்கள். அங்கே அவருடைய உடல் தேறவில்லை. சில ஆண்டுகளில் காலமானார். உணவைத் தடுப்பதற்கென்றே பயின்ற பணியாளர் உள்ள இல்லமொன்றில் அவர் மருமகள் இன்று வாழ்கிறாள். தாயினும் உயரமாக வளர்ந்துவிட்டாள் என்று கேள்வி. உயிரோடு இருக்கிறாள். எவருடைய கணக்கில் பார்த்தாலும் நாங்கள் செய்தது சரியே.

ஆயினும் அவரை நினைக்கும்தோறும் முதலில் எழுவது, அவர்கள் பெயர்ந்து போகுமுன் வந்த ஒரு பங்குனி ஞாயிறு. நண்பகல். மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மணி ஒலித்தது. வாசற்கதவின் அருகே சென்றேன். கதவில் ஓர் ஆள் முகம் தெரியும் அளவுக்குக் கண்ணாடி உண்டு. சிறுமி மேலங்கி இல்லாமல், காலணிகளை மாறி அணிந்து நின்றாள். நினைக்குமுன் என் கை தாழ்ப்பாளைப் போட்டுவிட்டது.

“தாத்தா, திறவுங்கோ. ஐ கான் ஸ்மெல் இட். கொஞ்சம்தான். ப்ளீஸ் தாத்தா.”

அவளுக்குப் பின்னால் அவர் ஓடிவந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். படியின் அடியில் வந்ததும் நின்றுவிட்டார். நிமிர்ந்து கண்ணாடியினூடே பார்த்தார். என் முகத்தை அல்ல; தாழ்ப்பாளில் இருந்த என் கையை. கதவின் வெளிப்பக்கத்தில் நின்று ஒரு பூட்டைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவர் வாழ்நாள் முழுதும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

சிறுமி இரு கைகளாலும் கண்ணாடியை அறையத் தொடங்கினாள். அவர் படியேறி வந்து, தம் மேலங்கியைக் கழற்றி அவளைப் போர்த்தி, மேற்படியில் அவளோடு அமர்ந்தார்.

“தட்டாதை பிள்ளை, கை நோகும்,” என்றார். “மாஸ்டர் நல்ல மனுசன். திறக்கமாட்டார்.”

குரலில் குத்தல் இல்லை; சினமும் இல்லை. பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும் குரல் அது. சற்று நேரத்தில் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். இருவரும் எங்கள் கதவுக்கு முதுகு காட்டி, வீதியை நோக்கி, ஓசையின்றி அமர்ந்திருந்தார்கள்.

“போயிட்டினமோ?” என்று அடுப்படியிலிருந்து மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“இல்லை,” என்றேன்.